முகில்களும் புவியின் வெப்பக் கணக்கும்: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

முகில் என்றதும் மழையை எண்ணுவது நம் மரபு. புங்குடுதீவின் மடத்துவெளி போன்ற ஊர்களில் இவ்வழக்கம் மேலும் வலுவானது. ஆறில்லாத சுண்ணாம்புக்கல் தரையில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையே பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான நன்னீர். அந்நீர் நிலத்தினுட் கசிந்து, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு சாண் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 சாண் ஆழத்துக்கு அது உவர்நீரைத் தாழ்த்தி வைக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஒரு சாண் குறையின், நாளடைவில் உவர்நீர் 40 சாண் மேலேறும். ஆகவே மழை தந்த முகிலை மெய்ம்முகில் என்றும், சோளகக் காலத்தில் திரண்டு வந்து ஒரு துளியும் சிந்தாது கடந்து செல்வதைப் பொய்ம்முகில் என்றும் மக்கள் கருதுவதில் வியப்பில்லை.

ஆயின், செய்மதி அவதானங்களைக் கொண்டு கடந்த நாற்பது ஆண்டுகளாக நடைபெற்றுவரும் காலநிலை ஆய்வு, இப்பாகுபாடு போதாதெனக் காட்டியுள்ளது. மழை தராத முகிலும் புவியின் வெப்பக் கணக்கில் வரவாகவோ செலவாகவோ பதிவாகிறது.

இதன் அடிப்படை எளியது. ஞாயிற்றிலிருந்து வரும் குற்றலைக் கதிர்களின் ஒரு பகுதியை முகில்கள் விண்வெளிக்கே தெறிக்கச் செய்கின்றன. இது குளிர்விக்கும் தொழில். புவியிலிருந்து வெளியேறும் நெட்டலைக் கதிர்களை அவையே உறிஞ்சித் தடுக்கின்றன. இது வெப்பமூட்டும் தொழில். தை மாதத்து இரவில் வானம் வெளித்திருந்தாற் பனி கொட்டுவதையும், முகில் மூடியிருந்தாற் குளிர் தணிந்திருப்பதையும் அறியாதார் இல்லை. தாழ்வாகவும் தடிப்பாகவும் பரவும் படை முகில்களிற் குளிர்விக்கும் தொழில் மேலோங்கும். மிக உயரத்திலுள்ள மெல்லிய கீற்று முகில்களிற் பெரும்பாலும் வெப்பமூட்டும் தொழிலே மேலோங்கும். உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் எது விஞ்சுகிறது? செய்மதிகளின் காலத்துக்கு முன்னர் இவ்வினாவுக்கு நேரடி அளவீட்டால் விடை கூற இயலவில்லை.

அவ்விடையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைக் கடந்து, நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1974 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற வீரபத்திரன் இராமநாதன் அவர். 1984 ஒக்டோபரிற் சலஞ்சர் விண்ணோடத்திலிருந்து ஒரு செய்மதி விடப்பட்டது. புவியின் கதிர்வீசல் வரவு செலவை அளப்பதே அதன் பணி (தன் பணி முடித்த அச்செய்மதி 2023 சனவரியில் வளிமண்டலத்துள் வீழ்ந்து அழிந்தது). அதன் அளவீடுகளையும், உடனியங்கிய மற்றொரு செய்மதியின் அளவீடுகளையும் கொண்டு, 1985 ஏப்பிரல் மாதத்துக்கான கணக்கினை இராமநாதனும் அவருடைய சகாக்களும் 1989 இல் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறை கழித்தல் கணக்கே. ஓரிடத்தை முகிலற்ற வேளையிலும் எல்லா வேளைகளிலும் அளந்து வேறுபாட்டைக் காணுதல். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. முகிலற்ற வேளை என்று எதைக் கொள்வது? கண்ணுக்குப் புலப்படாத கீற்று முகிலும், ஆழங்குறைந்த கடலின் வெண்மணற் பளபளப்பும் கருவியை எளிதில் ஏமாற்றிவிடும். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயும் மாணவனின் முதலிரு ஆண்டுகள் இவ்வொரு வினாவிலேயே கழிந்துவிடக்கூடும்.

கிடைத்த முடிவு இது: முகில்கள் சதுர மீற்றர் ஒன்றுக்கு 44.5 வாற்று வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன, 31.3 வாற்று வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன. நிகரமாக 13.2 வாற்றுக் குளிர்ச்சி. பிற்காலச் செய்மதிகள் நிகரக் குளிர்ச்சியை 18 முதல் 20 வாற்று வரை உயர்த்தியுள்ளன, திசை மாறவில்லை. காபனீரொட்சைட்டு இருமடங்கானால் மிகையாகச் சேரும் வெப்பம் ஏறத்தாழ 4 வாற்று மாத்திரமே என்பதை நோக்க, முகில்களின் வலிமை புலனாகும்.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. முகில்கள் குளிர்விக்கின்றன எனின், புவி வெப்பமாக வெப்பமாக அவை நம்மைக் காக்கும் என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அது தவறு. இன்று குளிர்விக்கும் முகில், வெப்பம் கூடிய உலகிற் குறைந்து போகுமாயின், இழந்த குளிர்ச்சி முழுவதும் வெப்பமாகவே வந்து சேரும். 2006 இல் ஏவப்பட்ட இரு செய்மதிகள் ரேடாராலும் லேசர்க் கதிராலும் முகில்களைக் குறுக்காக வெட்டிப் பார்த்தன. அவற்றின் பதிவுகளும் வேறு சான்றுகளும் சேர்ந்து, தாழ் முகில்கள் குறைவதையும் உயர் முகில்கள் மேலும் உயர்வதையுமே சுட்டுகின்றன. அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை, முகில்களின் எதிர்வினை வெப்பத்தைப் பெருக்கும் எனவே மதிப்பிட்டது. ஆயினும் காலநிலைக் கணிப்பில் ஐயப்பாட்டுக்கு மிகுதியும் இடந்தரும் பகுதி இன்றும் இதுவே.

இதனைச் சிக்கலாக்குவது புகை. 1999 இல் மாலைதீவை நிலைக்களனாகக் கொண்டு நடந்த இந்து சமுத்திரப் பரிசோதனை, வாடைக்காற்று உபகண்டத்திலிருந்து சுமந்துவரும் புகைப்படலத்தை அளந்தது. சனவரி முதல் மார்ச் வரை வட இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பை அடையும் வெயிலில் ஏறத்தாழ 20 வாற்றினை அப்படலம் மறைத்தது. கரித்துகள் வெயிலை உறிஞ்சிச் சூடேறிச் சிறு முகில்களைக் கலைத்துவிடவுங்கூடும். 2002 இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் இதனை ‘ஆசியப் பழுப்பு முகில்’ என்றழைத்தபோது இந்தியா கடுமையாக ஆட்சேபித்தது. பின்னர் ‘ஆசிய’ என்ற சொல் நீக்கப்பட்டது. அவ்வாட்சேபத்தில் நியாயம் உண்டு என்பது நம் கருத்து. ஏழையின் விறகடுப்புப் புகை முதலிற் கெடுப்பது அவ்வீட்டுப் பெண்ணின் நுரையீரலையே. ஆதலின் அது மாற்றப்பட வேண்டியதே. ஆயின் அப்புகை சில நாள்களில் அல்லது வாரங்களில் மண்ணில் வீழ்ந்துவிடும். செல்வ நாடுகளின் ஆலைகள் உமிழ்ந்த காபனீரொட்சைட்டின் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது விஞ்ஞானமும் அன்று, நீதியும் அன்று.

தீவகத்துக்கு இவற்றால் ஆவதென்ன? 1999 இல் ஏவப்பட்ட டெரா செய்மதியின் கதிர்வீசல் மானி, நேர் கீழே நோக்கும்போது ஏறத்தாழ 20 கிலோமீற்றர் அகலமான பரப்பை ஒரே புள்ளியாகக் காண்கிறது. மடத்துவெளியை நடுவாகக் கொண்டால் புங்குடுதீவு, நயினாதீவு, வேலணையின் பெரும்பகுதி, இடைப்பட்ட கடல் யாவும் அவ்வொரு புள்ளியினுள் அடங்கிவிடும். கடலின் கணக்கு நிலத்தின் கணக்கை விழுங்கிவிடும். நம் கிணறுகளுக்குரிய எண் அதிற் கிடையாது.

இருந்தும், பொய்ம்முகில் எனப்பட்டதன் பெறுமதியை மதிப்பிட வழி உண்டு. சோளக மாதங்கள் ஐந்திலும் முகில் மூட்டம் குறைந்து, சதுர மீற்றருக்கு 10 வாற்று வெயில் கூடுமாயின், அச்சக்தி முழுவதும் ஆவியாதலிற் செலவானால் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் நீர் மேலே போகும். திறந்த கேணிக்கும் நீரூறும் வயலுக்கும் இவ்வெண் அண்மையாகப் பொருந்தும். வறண்ட தரைக்கும் ஆழ வேரோடிய பனைக்கும் எவ்வளவு பொருந்தும் என்பது அளந்தறிய வேண்டியது. செய்மதிப் பதிவுகள் 2000 ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பெறக்கூடியனவாக உள்ளன. அவற்றோடு ஒப்பிடுவதற்கு நிலத்தில் நின்று எடுத்த தொடர்ச்சியான அளவீடு வேண்டும். கதிர்வீசல் மானி விலை மிகுந்தது. அதனைப் பல்கலைக்கழகந்தான் வாங்கித் தரவேண்டும். கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கவோ, ஒரு கயிறும் அளவுகோலும் ஒரு கொப்பியும் போதும்.