உள்ளங்காலைக் காட்டும் லேப்டாப்!

'தினமும் பாதத்தைப் பாருங்க' என்று சர்க்கரை நோயாளிகளிடம் சொல்வது சுலபம். தொந்தியும் மூட்டுவலியுமாக இருக்கும் அறுபது வயதுக்காரர் எப்படிக் குனிஞ்சு பார்ப்பார்? மதுமேகம் நாள்பட்டால் சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் உறைக்காது.

வீட்டில் டிஜிட்டல் கேமராவும் லேப்டாப்பும் இருக்கிறதா? காலை முக்காலி மேல் நீட்டுங்கள். உள்ளங்காலுக்கு எதிரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்புடன் இணையுங்கள். கேனான் இ.ஓ.எஸ். கேமராக்கள் பலவற்றுக்கு அந்த நிறுவனமே 'இ.ஓ.எஸ். யுடிலிட்டி' என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அதில் 'லைவ் வியூ'வை அழுத்தினால் பாதம் அப்படியே திரையில், பெரிசாக! சாதாரண கேமராக்கள் பலவற்றில் கேபிள் போட்டால் ஏற்கெனவே எடுத்த படங்கள்தான் வரும். நேரலைப் படத்தை எச்.டி.எம்.ஐ. வழியே அனுப்பும் கேமரா என்றால், 'கேப்சர் கார்டு' என்ற சிறு கருவி வாங்கினால் போதும். (பேரனைக் கூப்பிடுங்கள், மாட்டிக் கொடுத்துவிடுவான்.)

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்; மஞ்சள் பல்பில் தோலின் சிவப்பு சரியாகத் தெரியாது. குதிகால் வெடிப்பு, ஆணி, கொப்புளம்... விரல் இடுக்குகளையும் விரித்துப் பார்க்கணும். சேற்றுப்புண் அங்கேதான் ஒளிந்திருக்கும். கேமரா இல்லாதவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியே போதும்.

புண்ணோ, கருத்த இடமோ தெரிந்தால் வெந்நீர் ஒத்தடம், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: என்னிடம் அப்புறம் வரலாம், அன்றைக்கே சர்ஜனிடம் காலைக் காட்டிவிடுங்கள்.