நொச்சி சூடும் இளைஞர்

மதிலை வளைப்போன் சூடுவது உழிஞை. வளைக்கப்பட்ட மதிலைக் காப்போன் சூடுவது நொச்சி. புறப்பொருள் பயின்ற மாணாக்கர் யாவரும் அறிந்த பாகுபாடு இது. தொல்காப்பியர் நொச்சிக்குத் தனித்திணை வகுத்தாரல்லர். உழிஞையுள்ளே அதனை அடக்கிவிட்டார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையார் தனிப்படலம் ஒன்று அதற்கு அளித்தார். எனினும், உழிஞைப் படலத்துத் துறைகளை எண்ணிய பின் நொச்சித் துறைகளை எண்ணப் புகுவோர் எண்ணத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முடித்துவிடுவர். ஏறி வெல்பவனைப் பாடப் பலர் இருந்தனர். நின்று காப்பவனைப் பாடச் சிலரே இருந்தனர். இவ்வழக்கம் பாட்டுலகோடு நின்றுவிடவில்லை என்பதைக் கிண்ணியாவில் மாலைதோறும் உதைபந்தாட்டம் பார்ப்போர் நன்கறிவர்.

எங்கள் ஊர் கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே நீர் சூழக் கிடப்பது. 2009ஆம் ஆண்டிற் பெரும்பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்கு ஆடச் செல்லும் பிள்ளைகள் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையேறித்தான் துறை கடந்தனர். கடலும் வயலும் தொழிலாக, உதைபந்து ஊரின் பொதுக் காதலாக விளங்கும் இடம். அஸருக்குப் பின் வெயில் தணிந்ததும் மைதானத்தின் ஓரங்கள் நிறைந்துவிடும். முன்களத்து இளைஞர் பெயர்களைச் சிறுவரும் அறிவர். பின்களத்தில் நிற்பவன் பெயர் கூட்டத்தின் வாயில் வருவது ஒரே வேளையில்தான்: அவன் பிழைவிடும் வேளையில்.

சென்ற மாதம் மீன்பிடித் தொழில் செய்யும் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் தமிழ் கற்றவன், பதினாறு வயதினன், பின்களத்து நடுவில் ஆடுபவன். தேர்வுக் குழுவொன்று அண்மையில் அவனைப் பார்த்துவிட்டு, உயரம் போதாது, உரமும் போதாது என்று திருப்பியனுப்பியிருந்தது. தந்தையார் திண்ணையில் இருந்தபடி, "பண்டிதர் சேர், நீங்கள் நாளாந்தம் மைதானத்தில் இருக்கிற மனிசர். உள்ளதைச் சொல்லுங்கோ. இவனிட்ட ஏதும் இருக்கா? இல்லையெண்டால் என்னோட தோணிக்கு வரட்டும்" என்றார்.

பந்தாட்டத்தில் எனக்குப் பயிற்சியாளர் என்ற தகுதி எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கோட்டுக்கு வெளியே அமர்ந்து பார்த்தவன் என்ற ஒன்றே உண்டு. ஆயினும் ஒரு பிள்ளையின் வாழ்வில் இரண்டு மூன்று ஆண்டுகள் என் வாய்ச்சொல்லில் தொங்கின. 'பார்த்துச் சொல்கிறேன்' என்று அவரை அனுப்பிவிட்டு, மூன்று மாலைகள் பந்தைப் பாராது அப்பையனை மட்டும் பார்த்திருந்தேன். இதைச் செய்து பார்த்தோர்க்கே இதன் அருமை தெரியும். கண் தானாகவே பந்தின்பின் ஓடும். நாயைச் சங்கிலியிற் பிடித்திழுப்பதுபோல் அதைப் பிடித்திழுக்க வேண்டும்.

முதல் மாலையில் எனக்கும் ஏமாற்றமே. அவன் எதுவும் செய்யக் காணேன். எதிர்ப்பக்கத்துப் பின்காவலனோ மூன்று முறை நெடுந்தூரம் ஓடிச் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தான், கூட்டம் ஆரவாரித்தது. இரண்டாம் மாலையிற்றான் ஒன்று புலப்பட்டது. அவன் சறுக்கி விழுந்து மீட்க நேர்ந்த மூன்று முறையும், அதற்கு முன் அவன் நிற்கவேண்டிய இடத்தில் நின்றிருக்கவில்லை. சறுக்கி விழுதல் வீரந்தான்; ஆனால் பிழைக்குச் செலுத்தும் வட்டியும் அதுவே. விழுந்தவன் எழுமட்டும் அவன் காத்த இடம் வெற்றிடம். எம் மாணவன் விழாமலிருந்ததன் காரணம், விழவேண்டிய தேவை அவனுக்கு எழாமையே.

(இடையே ஒரு சொல். செய்தித்தாள்களில் இவர்களைத் 'தடுப்பாட்டக்காரர்' என்கின்றனர். 'காவலர்' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தடுத்தல் ஒரு கணத்துச் செயல். காவலோ இரவு முழுவதும்.)

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் மூன்றும் அடுத்தடுத்து நிற்பன. அவற்றை ஒட்டியே தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பன வருகின்றன. ஒருவனை ஆராய்ந்து தெளியவும் வினைக்கு உரியவனாக்கவும் முற்படுவோன் முன்னைய மூன்றையும் கற்றிருத்தல் வேண்டும் என்ற குறிப்பு இவ்வைப்பு முறையில் உண்டு போலும். பின்காவலனை மதிப்பிடுவோர் அம்மூன்றையும் தலைகீழாக வரிசைப்படுத்துதல் நன்று என்பது என் துணிபு: முதலில் இடன், பின்னர்க் காலம், ஈற்றில் வலி. தேர்வுக் குழுவினர் வலியிற் தொடங்கினர். தொடங்கிய இடத்திலேயே முடித்தும் விட்டனர்.

இடன் என்பது யாது? கோல் கம்பங்களுக்கிடையே உள்ள அகலம் 7.32 மீற்றர். பந்தோடு வருபவன் நேர்நடுவே வரின் அவ்வகலம் முழுவதும் அவனுக்குத் திறந்து கிடக்கும். ஓரக்கோட்டை நோக்கி ஒதுக்கப்படின் அதுவே ஒடுங்கி ஒரு கதவிடுக்காகிவிடும். ஆகவே நல்ல காவலன் பந்துக்கும் கோலுக்கும் நடுவே நிற்பதோடு அமையான். உடலைச் சற்றே திருப்பி, எதிரிக்கு ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, அவ்வழியாலேயே அவனைக் கொண்டுபோவான். எம் மாணவன் இதனைச் செய்கிறான். எதிரி வலக்காலன் எனின் இடப்பக்கம் திறக்கிறான். யாரும் கற்பித்ததாகத் தெரியவில்லை. கேட்டபோது, "அவருக்கு அந்தக் கால் வராது சேர்" என்று மட்டுமே சொன்னான்.

காலம் என்பது இன்னும் நுண்ணியது. பந்தை எப்போது பறிப்பது என்பதிலும் எப்போது பறியாதிருப்பது என்பதே பெருங்கேள்வி. இருவர் ஒருவனை எதிர்த்து வரும்போது முந்திப் பாய்பவன் தோற்பான். பின்வாங்கிப் பின்வாங்கித் துணைவர் வந்து சேரும்வரை நேரத்தை வாங்குபவனே காப்பான். மூன்றாம் மாலையில் அத்தகைய நிலையொன்று வந்தது. 'பாய்! பாய்!' என்று கூட்டம் கத்திற்று. அவன் பாயவில்லை, பத்தடி பின்னகர்ந்தான், இன்னும் பத்தடி. பந்து வைத்திருந்தவன் பொறுமையிழந்து தொலைவிலிருந்தே உதைத்தான்; கோல் காவலர் இருந்த இடத்தில் நின்றே பிடித்தார். 'பயந்தவன்' என்று எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் சொன்னார். பதினாறு வயதில் அக்கத்தலுக்குச் செவிசாயாதிருக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரல்லர்.

பந்து தன்னிடம் வருமுன் அவன் இருமுறை தோளுக்கு மேலாகப் பின்னே திரும்பிப் பார்க்கின்றான் என்பதையும் குறித்துக்கொண்டேன். இக்காலத்தில் இது மிகவும் வேண்டப்படுவது. 1992ஆம் ஆண்டில் விதி மாறியது: துணைவன் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுத்த பந்தைக் கோல் காவலர் கையால் தொடலாகாது. அதற்கு முன் நெருக்கடியில் அகப்பட்ட பின்காவலன் பந்தைப் பின்னே தள்ளிவிட்டு ஓய்ந்துவிடலாம். அதன்பின் அவனும் பந்தைப் பயன்படத் தருபவனாதல் வேண்டியதாயிற்று. வெறுமனே தூர உதைப்பவன் எதிரிக்கே பந்தைத் திருப்பிக் கொடுக்கிறான். எம் மாணவன் வலக்காலால் கொடுப்பவை பெரும்பாலும் உரிய இடம் சேர்கின்றன.

குறைகளையும் மறைத்தல் தகாது. இடக்கால் ஊன்றுகோலாகவே இருக்கிறது. இடப்பக்கம் நெருக்கினால் வலக்காலுக்குப் பந்தை மாற்ற முயன்று தடுமாறுகிறான். அதை அறிந்த முன்களத்தவன் ஒருவன் வாய்த்தால் ஆட்டம் முழுவதும் அவனை அப்பக்கமே துரத்துவான். மூலை உதையின்போது பந்து மேலே வருகையில் எதிரியைப் பார்க்கிறான், பந்தைப் பார்க்கிறான், இரண்டுக்கும் நடுவே காலத்தை இழக்கிறான். அனைத்தினும் பெரிய குறை, அவன் பேசுவதில்லை. முன்னுள்ளோர் காணாததைப் பின்நிற்பவன் காண்கிறான். கண்டதைச் சொல்லவேண்டியவனும் அவனே. வகுப்பிலும் அவன் வாய் திறவான். விடை தெரிந்திருந்தும் கை உயர்த்தான். இக்குறைக்கு ஆசிரியனாகிய எனக்கும் ஒரு பங்குண்டு.

இனி, வலி. உயரம் குறைவு என்பது மெய். 2006ஆம் ஆண்டு இத்தாலி உலகக் கிண்ணம் வென்றபோது அணித்தலைவராகவும் பின்களத்து நடுக்காவலராகவும் விளங்கிய பாபியோ கன்னவாரோ ஆறடிக்கு நன்றாகக் குறைந்தவர். அவ்வாண்டின் தலைசிறந்த வீரருக்குரிய தங்கப்பந்து விருதும் அவருக்கே கிடைத்தது. ஒருவரைக் காட்டி ஊரையெல்லாம் தேற்றுதல் முறையன்று என்பதை அறிவேன். உயரமில்லாதவன் இடனும் காலமும் இருமடங்கு அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் இன்னொரு கணக்கு உண்டு. அதைத் தேர்வாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அக்கணக்கைச் சொல்லக் கனடா வரை செல்லவேண்டும். எம்மவர் பிள்ளைகள் பலர் வாழும் ரொறன்ரோ நகரில் பனித்தளத்தில் சறுக்கியாடும் ஹொக்கி, நமக்கு உதைபந்து போன்றது. 1985ஆம் ஆண்டில் ரொஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலறிஞரும் துணைவரும் அந்நாட்டு இளையோர் ஹொக்கி வீரரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் மிகப் பலர். கடைசி மாதங்களிற் பிறந்தோர் மிகச் சிலர். வயதுப் பிரிவுக்கு எல்லை ஜனவரி முதல் நாள். ஒரே பிரிவில் ஜனவரியிற் பிறந்தவன் டிசெம்பரிற் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். வளரும் பருவத்தில் ஓராண்டு என்பது பல விரற்கடை உயரம். தேர்வாளர் திறமை என்று எண்ணியதிற் பெரும்பகுதி பிறந்த நாளே. எம் மாணவன் டிசெம்பர் மாதத்துப் பிள்ளை. அவன் தந்தையார் நெடியவர் என்பதையும் திண்ணையிலிருந்து எழுந்தபோது கவனித்தேன்.

அதே ஹொக்கியிலிருந்து மற்றொன்று. வட அமெரிக்கக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்து இளைஞரைப் பெயர்கூறித் தெரிவுசெய்யும். 1989ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பின்காவலர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் பெயர் 53ஆவதாகவே வந்தது. டெட்ரோயிட் கழகம் எடுத்தது. மோதி வீழ்த்தும் முரடரல்லர் அவர். நிற்கும் இடத்தாலும் நீட்டும் மட்டையாலும் காத்தவர். பின்னாளில் அங்கு ஆண்டின் சிறந்த பின்காவலருக்குரிய நொறிஸ் விருதை ஏழு முறை பெற்றார். 2008இல் ஸ்டான்லி கிண்ணத்தை அணித்தலைவராக ஏந்தினார். அவருக்கு முன் ஐம்பத்திரண்டு பெயர்களைக் கூறியோர் அறிவிலிகளல்லர், தொழில் கற்றவர்கள். முன்களத்தவன் ஆற்றலைக் கோல்களால் எண்ணலாம். நிகழாது போனவற்றை எவ்வாறு எண்ணுவது?

நம் நினைவும் தேர்வாளர் கண்ணைப் போன்றதே. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்றது. ஆசியாவே மதித்த பின்காவலர் ஜர்னெயில் சிங் தலைக்காயத்தோடு முன்களத்தில் நிறுத்தப்பட்டு ஒரு கோல் போட்டார். இன்றும் அவரைப் பற்றிப் பேசுவோர் முதலிற் சொல்வது அக்கோலைத்தான். 1995இல் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என வென்றதைப் பற்றி எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்னும் கேட்கலாம். அந்த ஒன்றைப் பற்றியே பேச்சு. அந்தச் சுழியம் எவர் உழைப்பு என்று கேட்டவரை யான் கண்டதில்லை.

நான்காம் நாள் தந்தையாரிடம் சென்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்தார். 'பெரிய வீரனாவான்' என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. நிற்கவும் பொறுக்கவும் அவனுக்குத் தெரியும். அவையிரண்டும் கற்பித்து வருவது அரிது. இடக்கால், தலையால் அடித்தல், பேச்சு ஆகிய மூன்றும் கற்பித்தால் வரும். இரண்டாண்டுகள் பொறுத்துப் பதினெட்டில் மீண்டும் பாருங்கள். அப்போதும் உயரம் வராவிடின் நடுவிலிருந்து ஓரத்துக் காவலுக்கு மாற்றலாம் என்றேன். பையனுக்கு இடக்காலால் நாளொன்றுக்கு நூறு முறை சுவரில் உதைக்கும் பயிற்சி. வகுப்பில் நாள்தோறும் ஒரு செய்யுளை எழுந்து நின்று உரக்கப் படிக்கும் பணி. பின்னையது என் பொறுப்பு.

"தோணி?" என்றார் தந்தையார்.

"வெள்ளிக்கிழமை விடியலில் வரட்டும். மற்ற நாளில் விடுங்கள்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை மைதானத்துக்கு வந்தார், என்னருகே அமர்ந்தார். மகன் ஆடுவதைப் பார்க்க அவர் வந்தது அதுவே முதன்முறை. பந்தோடு அவர் தலை இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருந்தது. பந்தை விடுங்கள், பிள்ளையைப் பாருங்கள் என்றேன். சிறிது நேரம் பார்த்தார்.

"அவன் சும்மாதானே நிக்கிறான், சேர்" என்றார்.

"ஓம்" என்றேன். "அவன் நிற்கிற பக்கமாகப் பந்து வருகிறதா என்று பாருங்கள்."