கழுத்தில் நெறி, கையில் பிளாக்

கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் ஆந்திராவின் குப்பம் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். பல சமயம் அந்த ஊகம் சரியாகவும் இருக்கும். ஆனால் ரப்பர் போல அமுங்குகிற, வலிக்காத கட்டி வாரக்கணக்கில் கரையாமல் நின்று, காய்ச்சலும் இரவில் படுக்கையை நனைக்கும் வியர்வையும் சேர்ந்து உடம்பும் இளைத்தால், அது லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். இரண்டு நோய்க்கும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றே என்பதால், காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகு புற்று என்று தெரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி குத்தி உயிரணுக்களை எடுக்கும் சோதனை மட்டும் இங்கே போதாது. கட்டியை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்ய வேண்டும். எந்த வகை என்று பிரித்தறிய அதில் சிறப்புச் சாயச் சோதனையும் வேண்டும். லிம்ஃபோமா ஒரே நோய் அல்ல. ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்ற இரு பெரும் பிரிவுக்குள் பல பத்து வகைகள். வகை மாறினால் மருந்தும் மாறும். இன்னொரு எச்சரிக்கை: பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கி, நோயின் தடயமே மங்கிப்போகலாம். "வீக்கம் வத்தட்டும்" என்று மாத்திரை எழுதினால், எதற்கு என்று கேளுங்கள்.

ஒரே டாக்டரை நம்பி இருக்க முடியாத நோய் இது. திசுவைப் படிக்கும் நோயியல் நிபுணர், பெட் ஸ்கேன் பார்ப்பவர், கீமோ கொடுக்கும் ரத்தநோய் அல்லது புற்று மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்துக்கு 'டியூமர் போர்டு' என்று பெயர். சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தாக்கும் என்பதால் முன்கூட்டியே எக்கோ எடுக்க வேண்டும். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றுமுன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். உறங்கும் வைரஸை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் இந்த மருந்தை இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகுதான் விலை இறங்கியது. கல்யாணம் ஆகாத பையன்களுக்கு விந்தணு சேமிப்பு பற்றி யாராவது சொல்ல வேண்டும். வீட்டார் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை; டாக்டரும் அவசரத்தில் விட்டுவிடுவார்.

குப்பத்துக்காரர்களின் தனிச் சிக்கல் வேறு. ரயிலேறினால் ஒரு பக்கம் காட்பாடி இறங்கி வேலூர் சி.எம்.சி., மறுபக்கம் பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. பலமனேர், சித்தூர் வழியே போனால் திருப்பதி. ஓர் இடத்தில் பயாப்ஸி, இன்னோர் இடத்தில் ஸ்கேன், மூன்றாவது இடத்தில் கீமோ என்றால் குழு என்று ஒன்று இருக்காது. தலைமை ஆஸ்பத்திரி ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள். மெழுகில் பதித்த திசுவான பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக்கொடுத்து வாங்கி அங்கே கொண்டுபோங்கள். வெறும் அறிக்கைத் தாளை வைத்து இரண்டாவது நிபுணரால் எதையும் உறுதி செய்ய முடியாது.

வீட்டில் பேசுவது தமிழானாலும் குடும்ப அட்டை ஆந்திராவுடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு செல்லாது. ஆந்திர அரசின் என்.டி.ஆர். வைத்திய சேவைத் திட்டத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கிறது என்று கிளம்பும் முன்பே 104 என்ற எண்ணில் கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டு. உடன் போகிறவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரி தரும் சான்றிதழ் வேண்டும்.

கீமோவுக்குப் பிறகு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் வேலூர் ரயிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்த வெள்ளணு இறங்கிய உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் பரவிவிடும். குப்பம் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி போல அருகில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய், எந்த மருந்து எந்தத் தேதியில் ஏறியது என்ற சீட்டைக் காட்டுங்கள். அந்தச் சீட்டை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்தால்தான் அது முடியும்.

ஆவணம் தர மறுத்தால்? 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டாவது கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். சேவையில் குறை இருந்தால் வழக்கும் போடலாம்: கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்துவிட்டது. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; ஆஸ்பத்திரி வேலூரில் இருந்தாலும் பெங்களூருவில் இருந்தாலும் குப்பத்துக்காரர் சித்தூர் ஆணையத்துக்குப் போனால் போதும்.