தேள் விஷத்தில் கிருமிக்கொல்லி!

தேள் என்றதும் காலைத் தூக்கிக் கொள்கிறீர்களா, குழந்தைகளே? அதன் விஷத்தில், நோய்க் கிருமிகளைக் கொல்லும் பொருளும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மெக்சிகோ நாட்டில், 'ஹட்ரூரஸ் அஸ்டெகஸ்' என்றொரு தேள் உண்டு. அதன் விஷத்தைப் பிரித்துப் பார்த்த அந்நாட்டு விஞ்ஞானிகள், 2000ம் ஆண்டில், 'ஹட்ருரின்' என்ற பொருளைப் பற்றி அறிவித்தனர். இது ஒரு பெப்டைடு. அதாவது, குட்டிப் புரதம். மணி கோர்ப்பது போல, 41 அமினோ அமிலங்களைக் கோர்த்த சரம், அவ்வளவுதான்! ஆய்வுக்கூடத்தில், டைபாய்டு காய்ச்சலைத் தரும் பாக்டீரியாவைக் கூட, இது வளர விடவில்லை.

எப்படி என்கிறீர்களா? எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று படித்திருப்பீர்கள். பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்சுமை. இவ்வகை பெப்டைடுகளுக்கோ நேர் மின்சுமை. ஓடிப் போய் ஒட்டிக் கொண்டு, உறையில் ஓட்டை போட்டு விடும். உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து, கிருமி செத்துப் போகும்.

பழைய ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பல கிருமிகள் இப்போது அசைந்து கொடுப்பதில்லை. அதனால்தான், தேள் கொடுக்கு வரை தேட வேண்டியிருக்கிறது.

அதற்காக, தேள் கொட்டினால் நல்லது என்று நினைத்து விடாதீர்கள்! உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஹட்ருரினிலும் ஒரு சங்கடம் உண்டு. மனித ரத்தச் சிவப்பணுக்களையும் அது உடைத்து விடுகிறது. எனவே, இன்னும் மருந்தாகவில்லை.

நல்லவேளை, இதற்காகத் தேள்களைப் பிடித்துக் கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஹட்ருரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்து விட்டனர். கிருமியை மட்டும் துளைத்து, நம் செல்களை விட்டு விடும்படி, இத்தகைய சரங்களில் மணிகளை மாற்றி மாற்றிக் கோர்த்துப் பார்க்கின்றனர் விஞ்ஞானிகள்.