நைட்ரோ இன்ஜின் வாங்கப் போறீங்களா? முதல்ல அது நிக்காம ஓடுமான்னு பாருங்க

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஆஃப்ரோடு பந்தயத்துக்கு 1/8 ஸ்கேல் நைட்ரோ பகி வாங்கிட்டேன், எந்த இன்ஜின் போடலாம்?" கூடவே ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். அதுல இருந்ததெல்லாம் பவர் அதிகமுள்ள இன்ஜின்தான். நானும் அந்தத் தப்பைப் பண்ணினவன், அதனால சொல்றேன்.

இந்த வகுப்புல இன்ஜின் 3.5 சிசிக்கு மேல இருக்கக் கூடாது. கடையில '21 இன்ஜின்'னு கேட்டா தருவாங்க, 0.21 கன அங்குலம்னு அர்த்தம். எல்லாருக்கும் ஒரே அளவுதான். ஆனா அந்த பவர் எந்த ஆர்.பி.எம்.ல வருதுங்கிறதுதான் வித்தியாசம்.

என்னோட முதல் இன்ஜினுக்கு மேல போனாத்தான் உயிர் வரும். நேர்ப்பாதையில பறக்கும். வளைவை விட்டு வெளியே வரும்போது கொஞ்சம் தூங்கிட்டு, திடீர்னு பாயும். வண்டி சுத்திடும். ஒரு ஃபைனல்ல மூணாவது இடத்துல ஓடிட்டிருந்தேன். டபுள் ஜம்ப் தாண்டி இறங்கி பிரேக் பிடிச்சேன், இன்ஜின் நின்னுபோச்சு. ஓட்டுறவர் மேடையை விட்டு இறங்க முடியாது. மார்ஷல் வண்டியை ஓரமா வைக்கணும், மெக்கானிக் பிட்டுக்குத் தூக்கிட்டுப் போய், குளோ பிளக்குக்குக் கரண்ட் கொடுத்து, ஸ்டார்ட்டர் பாக்ஸ்ல வெச்சுக் கிளப்பணும். அதுக்குள்ள ரெண்டு லேப் போச்சு. என்னை முந்தினவரோட இன்ஜின் என்னுதை விட மெதுவானது. கடைசி வரைக்கும் அது நிக்கவே இல்ல.

அதனால முதல் இன்ஜினுக்கு நான் பார்க்கிறது ரெண்டுதான்: ஐட்லிங் சீரா இருக்கணும், கீழ் ஆர்.பி.எம்.லயே இழுக்கணும். பொதுவா ஸ்லீவ்ல போர்ட் குறைவா இருக்கிற இன்ஜின் இப்படி இருக்கும், எரிபொருளும் குறைவாக் குடிக்கும். ஆனா போர்ட் எண்ணிக்கையை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, அந்த போர்ட் எப்போ திறக்குதுங்கிறதும் முக்கியம்.

எரிபொருள் கணக்கை யாரும் பார்க்கிறதில்ல. டேங்க் 125 சிசிதான். ஒரு டேங்க் 8 நிமிஷம் வந்தா, 45 நிமிஷ ஃபைனல்ல 5 தடவை பிட்டுக்கு வரணும். 10 நிமிஷம் வந்தா 4 தடவை போதும். கார்புரேட்டர் வாயில போடுற சின்ன வளையம், அதாவது ரெஸ்ட்ரிக்டர், சின்ன துளையா போட்டா மைலேஜ் கூடும், பாய்ச்சலும் அடங்கும். பல அளவு வளையம் பெட்டியிலயே வருதான்னு கேளுங்க.

உங்க ஊர்ல என்ன எரிபொருள் கிடைக்குதுன்னும் பாருங்க. 25, 30 சதவீதம் நைட்ரோமீத்தேன் பல இடங்கள்ல சாதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2021லேர்ந்து 16 சதவீதத்துக்கு மேல பொதுமக்களுக்குத் தாராளமா விற்க முடியாது. நைட்ரோ குறைஞ்சா ஹெட்டுக்குக் கீழ இருக்கிற ஷிம்மை மெலிசாக்கி, கம்ப்ரெஷனை ஏத்தணும்.

பழைய இன்ஜின் வாங்குறீங்களா? ஆறின நிலையில பிளக்கைக் கழட்டிட்டு ஃபிளைவீலைக் கையால சுத்துங்க. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கமா பிடிக்கணும். பித்தளை ஸ்லீவ் சூட்டுல விரியும், அந்த இடைவெளிக்காகவே இப்படி இறுக்கமா செய்யறாங்க. பிடிப்பே இல்லாம வழுக்கிட்டுப் போனா, விலை எவ்வளவு குறைவா சொன்னாலும் வேண்டாம்னு வந்துடுங்க.