விருத்தாசலத்துப் பீங்கானும் எக்ஸ்ரே படமும்

விருத்தாசலம் என்றதும் நேயர்களில் பலருக்குப் பழமலைநாதர் திருக்கோயிலும் மணிமுத்தாறும் நினைவிற்கு வரும். அடிக்கடி ரயிலில் செல்வோருக்கு அங்குள்ள சந்திப்பு நிலையம் நினைவிற்கு வரும். மின்சார வேலை செய்பவர் ஒருவரைக் கேட்டால், பீங்கான் பியூஸ் கட்டையைச் சொல்லுவார். கார்த்திகைக்கு ஏற்றும் பீங்கான் அகலையும், கொலுப்படியில் அமரும் சிறு பொம்மையையும், மின்சாரக் கட்டைகளையும் செய்யும் பட்டறைகள் பல அவ்வூரில் உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பயிற்றும் அரசுக் கல்வி நிலையம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

நான் பீங்கான் தொழிலை அறிந்தவன் அல்லன். எக்ஸ்ரே படம் எடுக்கும் முறையை இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆயினும் அத்தொழிலும் என் தொழிலும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது பீங்கான் தொழிலாளியின் நெஞ்சு.

பீங்கானுக்கு வேண்டிய பொருள்கள் மூன்று: களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல். இம்மூன்றையும் மாவாக அரைத்து, நீர் சேர்த்துக் குழைத்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் இடுகிறார்கள். ஈரமாக இருக்கும்வரையில் இம்மாவால் தீங்கு இல்லை. உலர்ந்த மாவைக் கொட்டும்போதும், காய்ந்த உருப்படியின் பிசிறைச் சுரண்டும்போதும், மாலையில் தரையைப் பெருக்கும்போதுந்தான் தூசி எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டு அதில் ஐந்து பங்கிற்கும் குறைந்த அளவுள்ள துகள்கள் இருக்கின்றனவே, அவைதாம் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் சென்று தங்குகின்றன. அங்கே படிகக்கல் துகளை விழுங்க வரும் உயிரணு தானே மடிகிறது. அவ்விடத்தில் வடு விழுகிறது. வடுக்கள் சிறு முடிச்சுகளாகப் பெருகுகின்றன. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்தாண்டோ அதற்கு மேலோ தூசியில் உழன்ற பிறகே இது வெளிப்படும். வந்த வடுவை மாற்ற மருந்து இல்லை. மேலும், இந்நோய் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும்.

உயிரோடு இருக்கும் மனிதரிடத்தில் இந்த முடிச்சுகளைக் காண்பதற்கு நெஞ்சுப் படமே முதற் கருவி. 1930ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரில் இந்நோயைப் பற்றிச் சர்வதேச மாநாடு ஒன்று கூடியது. தூசியால் வரும் நுரையீரல் நோய்களின் படங்களை எவ்வாறு தரம் பிரிப்பது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பின்னர் வகுத்த முறை, 1950 முதல் பலமுறை திருத்தப்பெற்று, 2011இல் கணினிப் படங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதிரிப் படங்கள் சிலவற்றை அருகில் வைத்துக்கொண்டு, தொழிலாளியின் படத்தை அவற்றோடு ஒப்பிட்டு, முடிச்சுகளின் அளவையும் அடர்த்தியையும் மருத்துவர் குறிக்கவேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட வட்டமான புள்ளியை ஓர் எழுத்தாலும், மூன்று மில்லிமீட்டர் வரையிலானதை வேறோர் எழுத்தாலும் குறிப்பார்கள். அடர்த்திக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. நோயைக் குறிக்கும் முன்னே படத்தின் தரத்தை ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிட்டு எழுதவேண்டும் என்பது இம்முறையின் விதி. நான்காம் தரத்துப் படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்லக்கூடாது. சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தபோது, பிள்ளையார் முதலில் அதன் மாற்றை உரைத்துப் பார்த்ததாகப் புராணம் கூறுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அந்தத் தரத்தை உண்டாக்குபவர் மருத்துவர் அல்லர். படம் எடுக்கும் ரேடியோகிராபர். இதைப் பொதுமக்கள் அறிவதில்லை. சில மருத்துவர்களுங்கூட மறந்துவிடுகிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர்ப் புள்ளியைக் காட்டவேண்டிய படம் சிறிது கூடுதலான கதிரைப் பெற்றுக் கறுத்தால், புள்ளிகள் கரைந்துவிடும். நோயாளி நலமுள்ளவராகத் தோன்றுவார். கதிர் குறைந்து படம் வெளுத்தாலோ, இல்லாத புள்ளிகள் இருப்பதுபோல் மயக்கும். மூச்சை முழுவதும் இழுக்காமல் எடுத்த படத்தில் இரத்தக்குழல்கள் நெருங்கி நின்று, நலமான நுரையீரலும் நோயுற்றது போல் காணும். உதரவிதானத்திற்கு மேலே முதுகுப்பக்க விலா எலும்புகள் ஒன்பதோ பத்தோ தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்த்தால், மூச்சு நன்றாக இழுக்கப்பட்டதா என்பது விளங்கும்.

நிற்கும் முறையும் உண்டு. நோயாளி மார்பைப் படப்பெட்டியில் ஒட்டி, முகவாயை அதன் மேல் வைத்து, புறங்கைகளை இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்னே தள்ளவேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் விலகும். கதிர்க் குழாய் ஆறடி தூரத்தில், முதுகுப் பக்கத்தில் இருக்கும். அருகில் வைத்தால் இருதயத்தின் நிழல் பெருத்துவிடும்.

எந்திரத்தைப் போலவே வாய்ச்சொல்லும் வேலை செய்கிறது. “மூச்சை நன்றாக இழுங்கள் அம்மா, அப்படியே பிடியுங்கள்” என்று நிதானமாகச் சொல்லி, ஒருமுறை பழக்கிவிட்டுப் பிறகு எடுப்பவரின் படம் ஒருவகை. “மூச்சைப் பிடி” என்று அதட்டுபவரின் படம் மற்றொருவகை. அதட்டுபவரிடம் நோயாளி மூச்சை இழுக்க மறந்து, இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார். பெண்கள் பலர் வேலை செய்யும் தொழிலில் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். பின்னலை மேலே தூக்கி முடியாவிட்டால், அது நுரையீரலின் உச்சியில் நிழலாக விழும். சிலிகோசிஸும் காசநோயும் முதலில் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் அந்த மேற்பகுதியிலேதான். தாலியைக் கழற்றச் சொன்னால் மனம் வருந்துவார்கள். நுரையீரலை விட்டு மேலே உயர்த்தி, முகவாயால் தாங்கிக்கொள்ளச் சொன்னால் போதும். தாயத்திற்கும் அதே வழிதான். இவை வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்தவை.

இத்தொழிலுக்குக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கே உலகம் பெருவிலை கொடுத்தது. ராண்ட்ஜென் 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இக்கதிரைக் கண்டுபிடித்தபின், மின்சார மெக்கானிக்குகளும் புகைப்படக்காரர்களும் எக்ஸ்ரே எடுக்கப் புகுந்தார்கள். கதிர் போதுமான அளவு ஊடுருவுகிறதா என்று அறிவதற்கு அவர்கள் நாள்தோறும் தம் கையையே குழாயின் முன் நீட்டிப் பார்த்தார்கள். சூளைக்காரர் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்து வெப்பத்தை மதிப்பிட்டதற்கு இதை ஒப்பிடலாம். ஆனால் சூளையின் வெக்கை உடனே சுடும். ஆகையால் கையை இழுத்துக்கொள்ளலாம். இக்கதிரோ சுடாமல் சுடுவது. எடிசனிடம் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி இரு கைகளையும் இழந்து 1904இல் மாண்டார். இவ்வாறு உயிர் துறந்த 169 பேரின் பெயர்களைப் பொறித்து 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுக்கல் நாட்டினார்கள்.

நம் மாகாணத்தில், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரி வளாகத்தில் 1934இல் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் எழுந்தது. அங்கே எக்ஸ்ரே துறையை வளர்த்த காப்டன் பர்னார்டின் பெயரே அதற்கு இடப்பெற்றது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஐடா பி. ஸ்கட்டர் அம்மையார் இத்துறைக்கு வித்திட்டார். இவர் கல்லூரியை நிறுவிய ஸ்கட்டர் அம்மையாரின் சகோதரர் மகள். அந்நாளில் படம் எடுப்பவரின் திறமை இருட்டறையில் தெரியும். சிவப்பு விளக்கின் மங்கலில் பிலிமை மருந்தில் தோய்த்து, கடிகாரத்தைப் பார்த்து எடுத்து, ஹைப்போவில் இட்டு, ஓடும் நீரில் கழுவி உலர்த்துவார்கள். அது பெரும்பாலும் குருவின் பின்னால் நின்று கற்கும் கல்வியாகவே இருந்தது. பின்னர்ச் சான்றிதழும், பட்டயமும், இன்று பல்கலைக்கழகப் பட்டமும் வந்துவிட்டன. 2021இல் பாராளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழிலினருக்கான சட்டம் இவர்களையும் ஒரு தொழிலினராகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. வெகுநாள் தாமதம் என்பதே என் கருத்து.

கணினிப் படம் வந்தபின் இருட்டறை மறைந்தது. வேதிநீர் நாற்றம் போயிற்று, நான் வருந்தவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பிலிம் ஒரு கண்டிப்பான ஆசிரியர். கதிர் மிகுந்தால் கறுத்து, குறைந்தால் வெளுத்து, தவற்றை அங்கேயே காட்டிவிடும். கணினியோ, கதிர் மிகுந்தாலும் படத்தைச் சரிசெய்து அழகாகவே காட்டுகிறது. ஆகையால், படம் தெளிவாக வருகிறதே என்று கதிரைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு நெஞ்சுப் படத்தின் கதிரளவு மிகச் சொற்பந்தான். ஒரு மில்லிசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்கிற்கும் பெரும்பாலும் குறைவு. இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. நோயாளி அஞ்சவேண்டியதில்லை, அளிப்பவர் அஞ்சவேண்டும். திரையின் ஓரத்தில் கதிரளவைக் குறிக்கும் எண் ஒன்று தோன்றும். அதைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்ப்பவரை நான் தேர்வில் தேறவிட்டதில்லை.

ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், மாணவர்களோடு பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவருடைய மூன்று படங்கள் ஒரே உறையில் இருந்தன. மூன்றிலும் மேற்பகுதியில் சிறு முடிச்சுகள். காசநோய் என்று இருமுறை முழுச் சிகிச்சை தரப்பட்டும் சளியில் கிருமி ஒருமுறையேனும் அகப்படவில்லை, படமும் மாறவில்லை. சீட்டில் தொழில் என்ற இடத்தில் “கூலி” என்று எழுதியிருந்தது. ஆளை வரவழைத்துக் கேட்டோம். பதினெட்டு ஆண்டுகள் குவார்ட்ஸ் மாவு சலித்தவர். கூலி என்ற அவ்வொரு சொல் அப்பதினெட்டு ஆண்டுகளையும் மூடிவிட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை, மருத்துவர் அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. காசநோய் என்று எழுதினால் தொழில்நோய் என்ற அறிவிப்பும் இல்லை, நட்ட ஈடும் இல்லை. அவருக்குப் பின் அதே சல்லடையைப் பிடிப்பவருக்கு எச்சரிக்கையும் இல்லை. நோயாளியோடு சில நிமிடங்களாவது தனித்து நிற்பவர் படம் எடுப்பவர்தாம். “என்ன வேலை? எந்தப் பொருளில் வேலை? எத்தனை ஆண்டு?” என்று கேட்டுச் சீட்டில் எழுதுவதும் அவர் கல்வியின் பகுதியாகவேண்டும் என்று அன்றுமுதல் சொல்லி வருகிறேன்.

பீங்கான் பட்டறையில் புதிதாகச் சேருவோர் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு வார்த்தை. சேரும்போதே ஒரு நெஞ்சுப் படம் எடுத்து வையுங்கள். பல ஆண்டு கழித்து எடுக்கும் படத்தை அதனோடு ஒப்பிட்டால்தான் புதிதாக வந்தது எது என்பது தெரியும். பிலிமானால் சுருட்டாமல், மடிக்காமல், தட்டையான உறையில், ஈரம் படாத இடத்தில் வைக்கவேண்டும். கணினிப் படமானால் காகித நகல் போதாது; அதில் சிறு புள்ளிகள் தெரியா. தகட்டில் பதிந்து தருமாறு கேட்டு வாங்குங்கள். உறையின் மேல் தேதியையும், செய்யும் வேலையையும், கையாளும் பொருளின் பெயரையும் நீங்களே எழுதிவிடுங்கள்.