ஒளியின் சுழற்சியும் ஹைதராபாத்தும்

ஹைதராபாத் நிஜாம் கல்லூரியில் படித்த எஸ். பகவந்தம், 1931-ல் சி.வி. ராமனோடு சேர்ந்து ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதைச் சோதனையால் காட்டினார். சுழற்சி உள்ள ஒளி, தான் படும் பொருளையும் சுழற்ற வேண்டும் அல்லவா? 1936-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பெத், மெல்லிய இழையில் தொங்கிய குவார்ட்ஸ் தகட்டை ஒளி திருகுவதை அளந்தே காட்டிவிட்டார். ஆனால் அந்தத் திருகல் மிகமிக நுண்ணியது. அதை நம்பிக் கருவி செய்ய அன்று வழியில்லை.

பகவந்தம் பிறகு உஸ்மானியா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1960-களில் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். ஏவுகணை ஆய்வகமான டி.ஆர்.டி.எல். ஹைதராபாத்தில் வேரூன்றியதும் அந்தப் பத்தாண்டில்தான். ஏவுகணைக்குத் திசை காட்டுவது கைரோஸ்கோப். அன்றைய கைரோஸ்கோப்பின் உயிர், மோட்டாரால் சுழலும் உலோகச் சக்கரம். சுழலும் பம்பரம்போல அது தன் அச்சை எளிதில் விடாது. ஆனால் பேரிங்கின் உராய்வு சிறுகச் சிறுக அச்சை நகர்த்தும். போகப் போக ஏவுகணை வழி தவறும்.

1988-ல் அப்துல் கலாம் முயற்சியில் ஹைதராபாத்தில் உருவான ரிசர்ச் சென்டர் இமாரத், லேசர் கைரோஸ்கோப்பைக் கைவசப்படுத்தியது. இதில் சுழலும் சக்கரமே கிடையாது. இரண்டு லேசர் கதிர்கள் ஒரே பாதையில் எதிரெதிராகச் சுற்றும். கருவி திரும்பினால் அவற்றின் அதிர்வெண்கள் வேறுபடும். அந்த வேறுபாடே திரும்பிய வேகத்தைச் சொல்லிவிடும். 2011 நவம்பரில் அக்னி-4 ஏவுகணை இந்தக் கருவியின் துணையோடுதான் பறந்தது. பிற நாடுகள் தர மறுத்த நுட்பம் இது. பெருமைப்படலாம்.

இன்று, போன சக்கரம் பேரிங் இல்லாமல் திரும்பி வருகிறது. வெற்றிடத்தில் லேசர் தூக்கிப் பிடித்திருக்கும் சிலிக்கா நானோ துகளை, வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளி, அதாவது சுழற்சி உள்ள ஒளி, சுழற்றுகிறது. தொட்டு உராய எதுவும் இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2020-ல் எட்டிய வேகம் நிமிடத்துக்கு 30,000 கோடிச் சுற்று! ஆனால் வேகம் மட்டும் போதாது. நானோ துகளின் நிறை அற்பம் என்பதால், அச்சைப் பிடித்து வைக்கும் அதன் கோண உந்தமும் அற்பமே. இன்னும் பெரிய ரோட்டரை நடுங்காமல் மிதக்கவிடக் கற்றால்தான், செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத நீர்மூழ்கிக்கும் சுரங்கத்துக்கும் இது வழிகாட்டும்.

லேசர் கைரோஸ்கோப் தெரிந்த இமாரத், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், மத்தியப் பல்கலைக்கழகம் மூன்றும் ஹைதராபாத்திலேயே இருக்கின்றன. மூன்றும் கைகோத்து இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும். பிற நாடுகள் முடித்த பிறகு கேட்டால், மறுபடியும் மறுப்புத்தான் கிடைக்கும்.